ஆறாவது பாட்டைப் பற்றிச் சிலர் சொன்னது

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்காதே, நான்தான். பள்ளிக்கூடம் முடித்த பிறகு இவ்வளவு நேரம் பேனா பிடித்ததில்லை, அதனால் எழுத்து இப்படிக் கோணிக்கொண்டு போகிறது.

தொண்டையில் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. குரல்நாணில் மிளகு அளவுக்கு ஒரு கட்டி. “பத்து வருஷம் இப்படிக் கத்தினா மிளகு முளைக்காம மல்லிகையா முளைக்கும்?” என்று டாக்டர் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். உடனே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஐந்து வாரம் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது கத்துவதைவிட மோசமாம். கழுத்தில் ஒரு சின்னப் பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிறேன்.

ஃபோனை எங்கள் இசைக்குழுவின் டிரம்மரிடம் கொடுத்துவிட்டேன். ஊமைக்கு ஃபோன் எதற்கு என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. எங்கள் ஆல்பம் வந்த நாளிலிருந்து, பல் தேய்க்கும் முன்னாலேயே, கேட்டவர்கள் இணையத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பது எனக்கு ஒரு வியாதியாகிவிட்டது. கொடுப்பதற்கு முன் சிலவற்றை நோட்டில் எழுதி வைத்தேன். உனக்காகக் கொஞ்சம்:

“மிக்ஸியில் செங்கல்லைப் போட்டு அரைத்தது மாதிரி இருக்கிறது. இன்னும் இரண்டு செங்கல் வேண்டும்.”

“முதல் மூன்று பாட்டும் ஒரே பாட்டுதான். ஆனால் அந்த ஒரு பாட்டு நல்ல பாட்டு.”

“பேஸ் கிதார் எங்கே? கண்டுபிடித்துத் தருபவருக்குப் புண்ணியமாகப் போகும்.”

எங்கள் கத்தல் இசை மெட்டல் வகையா, ஹார்ட்கோர் வகையா என்று இரண்டு பேர் நாற்பது பதிவு சண்டை போட்டிருக்கிறார்கள். நாற்பத்தொன்றாவதில் ஒருவன், “நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கோங்க” என்று எழுதியதோடு அது முடிந்தது. பாடுவது பெண் என்பதை நம்பவே மாட்டேன் என்று ஒரு ஆள் பந்தயம் கட்டியிருக்கிறார். ராத்திரி லாரி ஓட்டும் ஒருவர் தூக்கம் வராமலிருக்க இதைத்தான் போடுகிறாராம். எனக்குக் கிடைத்த பெரிய பட்டம் அது.

இதெல்லாம் சரி. ஒன்று மட்டும் சரியில்லை. ‘தரைத்தளம்’ என்ற பெயரில் ஒருவர் எழுதியிருக்கிறார், மூன்றே வரி: “ஆறாவது பாட்டு பொய். அடி வாங்கியவர் யாரும் இப்படிக் கத்தமாட்டார். இதைப் பாடியவர் கதவுக்கு வெளியே நின்றவர்.”

நானூறு பேர் எழுதியதில் இந்த மூன்று வரிதான் சாப்பிடும்போது எதிரே வந்து உட்காருகிறது. யார் இந்த ஆள்? கதவு என்று பாட்டில் ஒரு இடத்திலும் வரவில்லை, அண்ணா.

சிடி உனக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. நீ நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன்
வாண்டு


ஜூன் 12

அன்புள்ள வாண்டு,

கடிதம் கிடைத்தது. பேசாமல் இருப்பது உனக்குக் கஷ்டம்தான். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்ற எனக்கே காது அடைத்தது.

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. உன் ஆல்பத்தின் அட்டையை ஃபிரிட்ஜின் மேல் ஒட்டி வைத்திருக்கிறாள். தலைகீழாக. நான் திருப்பி ஒட்டினேன், மறுபடியும் தலைகீழாக ஒட்டிவிட்டாள். “இப்படித்தான் பார்க்க நல்லா இருக்கு” என்கிறாள்.

இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் எட்டாவது மாடியைத் தாண்டும்போது முனகுகிறது. நாலு நாள் அதற்குள்ளேயே மேலும் கீழும் போய்க் கதவில் காதை வைத்துக் கேட்டேன். அங்கே குடியிருக்கும் ஒரு அம்மா, “உடம்பு சரியில்லையாப்பா?” என்று தண்ணீர் கொடுத்தார். கடைசியில் பார்த்தால் லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தில் ஒரு போல்ட், அரைத் திருகு லூஸ்.

சிடியைக் கேட்காமல் இல்லை. வேனில் போட்டுக் கேட்டேன். எனக்கு இந்த இசை தெரியாது, சத்தம் தெரியும். அதை வைத்துச் சொல்கிறேன். முதல் பாட்டு, கம்பி அறுந்த லிஃப்ட் கீழே வருவது போல. நிஜத்தில் அப்படி விழாது, பிடித்து நிறுத்த ஏற்பாடு இருக்கிறது, ஆனாலும் நன்றாக இருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அதேதான், மூன்றும் ஒரே பாட்டு என்று எழுதியவர் சொல்வது சரி. நாலாவதில் எல்லாம் நின்றுபோய் டிரம்ஸ் மட்டும் வருகிற இடத்தில் வேனை ஓரமாக நிறுத்திவிட்டேன். ஐந்தாவதில் கிதார் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது, அது உங்கள் தப்பா என் ஸ்பீக்கர் தப்பா தெரியவில்லை. ஏழாவது நீளம். எட்டும் ஒன்பதும் சேர்ந்து ஒரே மூச்சில் போவது பிடித்தது.

யாரோ எழுதியதற்கெல்லாம் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
அண்ணன்


ஜூன் 18

அண்ணா,

ஐந்துக்கு அப்புறம் ஏழா? லிஃப்ட்காரனுக்கு ஆறாவது மாடி எங்கே இருக்கிறது என்று தெரியாதா?

நேற்று ஒத்திகை அறையில் கூட்டம் போட்டோம். ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் நிகழ்ச்சி. ஆறாவது பாட்டை வேண்டாம் என்று பலகையில் எழுதிக் காட்டினேன். டிரம்மர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார்.

“ஒருத்தன் சொன்னதுக்கா? நானூறு பேர் அதே பாட்டைத்தானே தூக்கி வச்சிருக்காங்க. அவங்க உன் கண்ணுல படலையா?”

“நானூறு பேருக்கும் தெரியாது. இந்த ஆளுக்குத் தெரியும்” என்று எழுதினேன்.

“என்ன தெரியும்?”

துணியை எடுத்துப் பலகையைத் துடைத்துவிட்டேன். பேச முடியாததில் இது ஒரு வசதி. கிதார் வாசிக்கிற நெட்டை எனக்கு டீ போட்டுக் கொடுத்தான்.

அந்தப் பாட்டின் பெயர் ‘முப்பது சென்டிமீட்டர்’ என்று வைத்தபோதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ரெக்கார்டிங் போகும் வாரம் உனக்கு மூன்று தடவை ஃபோன் செய்தேன். மூன்று தடவையும் அம்மாவின் மாத்திரை, மழை, உன் வேன் டயர் என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன். நீ கேட்டபோது என்ன நினைத்தாய்? திட்டுவதாக இருந்தால் திட்டிவிடு. திட்டாமல் ‘வேளாவேளைக்குச் சாப்பிடு’ என்று மட்டும் எழுதாதே.

வாண்டு


ஜூன் 24

அன்புள்ள வாண்டு,

அந்தத் தரைத்தளம் நான்தான்.

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டு இப்படி முதல் வரியிலேயே போட்டுவிட்டேன். ஏப்ரலில் ஒரு மத்தியானம். மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். ஆறாவது பாட்டு காதில் ஓடியது. டப்பாவை மூடி வைத்துவிட்டு, ஃபோனில் அந்த மூன்று வரியைத் தட்டினேன். யார் எழுதியது என்று உனக்குத் தெரியக் கூடாது என்றும் நினைத்தேன், உன் கண்ணில் பட வேண்டும் என்றும் நினைத்தேன். அண்ணன் செய்கிற வேலையா இது என்று நீ கேட்கலாம்.

ஆனால் கோபம் பொய் இல்லை. “என் முதுகில் முப்பது சென்டிமீட்டர்” என்று பாடியிருக்கிறாய். அது என் முதுகு. உன்மேல் அப்பா ஒரு நாளும் கை வைத்ததில்லை, அந்த மட்டில் சந்தோஷம். என் பன்னிரண்டு வயதிலிருந்து பதினாறு வரை, மதிப்பெண் அட்டை வருகிற நாளெல்லாம், வரைபடம் போடுகிற அந்த ஸ்டீல் ஸ்கேலோடு அப்பா அந்த அறைக்குள் போவார். நான் பின்னாலேயே போவேன். கதவை மெதுவாகத்தான் சாத்துவார். ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. “எத்தனை மார்க் குறைஞ்சிருக்குன்னு நீயே சொல்லு” என்று, அலுவலகத்தில் பேசுகிற அதே குரலில் கேட்பார். நான் சொல்வேன்.

உன் பாட்டில் அடி வாங்குகிற ஆள் மூன்றரை நிமிடம் கத்துகிறான். நான் கத்தவில்லை. ஒரு தடவைகூட. சத்தம் போட்டால் இரண்டு அடி கூடும் என்பது ஒன்று. நீ கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்பது இன்னொன்று. உனக்கு அப்போது ஆறோ ஏழோ. தோளில் கிடந்த துண்டைக் கடித்துக்கொள்வேன்.

முப்பது வருடம் கழித்து யாரோ ஒரு லாரிக்காரர் அதைக் கேட்டுத் தூக்கம் கலைக்கிறார். என் முதுகை நீ எடுத்துச் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு மேடை ஏறியது போல இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. நீ கேட்கவில்லை.

அப்பா போய் எட்டு வருடம் ஆகிறது. இதைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

அண்ணன்


ஜூன் 29

அண்ணா,

கடிதம் வந்தது. இப்போது எதுவும் எழுத வரவில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன். அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

வாண்டு


ஜூலை 12

அன்புள்ள அண்ணா,

முந்தாநாள் டாக்டர் குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, “இப்ப ஆ சொல்லுங்க” என்றார். ஐந்து வாரத்துக்குப் பிறகு வந்த முதல் சத்தம், கதவுக் கீலுக்கு எண்ணெய் போடாதது போல இருந்தது. நீ பார்த்திருந்தால் எண்ணெய்க் குப்பியை எடுத்திருப்பாய். தினம் பத்து நிமிடம் பேசலாம். பாடலாம், மெதுவாக, சரியான முறையில். அந்த முறையைச் சொல்லிக் கொடுக்க ஒரு டீச்சரிடம் போகிறேன். நான் இத்தனை நாள் தொண்டையால் கத்தியது தப்பாம். வயிற்றிலிருந்து வர வேண்டுமாம்.

முதல் இரண்டு நாள் உன்மேல் பயங்கரக் கோபம். முகம் தெரியாதவனிடம் அடிபட்டால் துடைத்துவிட்டுப் போகலாம், வேறு பெயரில் வந்து சொந்த அண்ணனே போட்டால் என்ன செய்வது? நெட்டையிடம் சொன்னேன், பலகை பலகையாக எழுதி. படித்துவிட்டு, “உங்க அண்ணன் எழுதின மூணு வரியில பொய் எது?” என்று கேட்டான். அவனோடும் ஒரு நாள் பேசவில்லை. பேச முடியாதவள் எப்படிப் பேசாமல் இருப்பது என்று கேட்காதே, முடியும்.

பிறகு கோபம் இறங்கியதும் எனக்கு நினைவிருப்பதை எழுதிப் பார்த்தேன். உனக்குத் தெரியாத பக்கம் இது, அதனால் சொல்கிறேன்.

நான் கதவுக்கு வெளியே சுவரோடு ஒட்டி நிற்பேன். அம்மா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டிருப்பாள், பாத்திரம் ஒன்றும் இருக்காது. ஸ்கேல் சத்தம் கேட்கும். அப்பா எண்ணுவது கேட்கும். உன் சத்தம் கேட்காது. நான் காத்துக்கொண்டே இருப்பேன். ஒவ்வொரு தடவையும் நீ செத்துப்போய்விட்டாய் என்றே முடிவு கட்டுவேன். கதவு திறக்கும். நீ வெளியே வந்து, “வாண்டு, கேரம் ஆடலாமா?” என்பாய். உட்கார்ந்து ஆடுவோம். நீ சாய்ந்து உட்காரமாட்டாய். நான் வேண்டுமென்றே தோற்பேன், அதற்கு நீ என்னைத் திட்டுவாய்.

நான் பயப்படக் கூடாது என்று நீ வாயை மூடிக்கொண்டிருந்தாய். நீ வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் அண்ணா எனக்குப் பயம்.

பாட்டில் முதலில் ‘அவன் முதுகு’ என்றுதான் எழுதினேன். நோட்டில் இன்னும் இருக்கிறது. பாடிப் பார்த்தபோது தொண்டை திறக்கவில்லை. ‘என்’ என்று மாற்றியதும் திறந்துகொண்டது. அப்போதே இது கேட்காமல் எடுப்பது என்று தெரியும். தெரிந்தும் எடுத்தேன். அதற்கு மன்னித்துவிடு.

ஆனால் மூன்று வரியில் நீ ஒன்று சரியாகச் சொன்னாய். நானூறு பேரில் அந்தப் பாட்டைப் புரிந்துகொண்டது நீ ஒருவன்தான். கதவுக்கு வெளியே நின்றவள்தான் பாடினாள். அந்தக் கத்தல் அவளுடையது. நீ குற்றமாக எழுதியிருக்கிறாய், எனக்கு இப்போது அது குற்றமாகத் தெரியவில்லை.

பாட வேண்டாம் என்றால் பாடமாட்டேன். ஆல்பத்திலிருந்தும் எடுத்துவிடலாம், மற்ற மூவரும் சம்மதித்துவிட்டார்கள். டிரம்மர் மட்டும் அரை மணி நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்து சம்மதித்தார். நீ சொல்வதுதான்.

வாண்டு


ஜூலை 19

அன்புள்ள வாண்டு,

உன் கடிதத்தை அம்மா படித்துவிட்டாள். நான் காட்டவில்லை. சட்டைப் பையில் வைத்திருந்தேன், துவைக்க எடுத்தவள் கையில் அகப்பட்டுவிட்டது. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது மேஜைமேல் மடித்து வைத்திருந்தாள்.

“அந்த ஆறாவது பாட்டைப் போடு” என்றாள்.

“அது உனக்குப் புரியாதும்மா, வெறும் கத்தல்.”

“போடு.”

போட்டேன். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். மூன்றரை நிமிடம். நான் வாசற்படியில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் ஃபோனைப் பார்த்தபடியே, “இது நான் போட்டிருக்க வேண்டிய சத்தம்டா” என்றாள். பிறகு, “குழாயைத் திறந்துவிட்டுட்டு நின்னேன். அதுதான் செஞ்சேன்” என்றாள்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் முதுகில் கையை வைத்தாள். சட்டைக்கு மேலேதான். எவ்வளவு நேரம் இருந்தாள் என்று தெரியவில்லை, பால் பொங்கி அடுப்பு அணைந்த வாசனை வந்த பிறகுதான் இரண்டு பேரும் எழுந்தோம். அதற்குப் பிறகு அவள் எப்போதும் போல இருக்கிறாள். இன்று காலை டிபன் டப்பாவில் எனக்கு ஒரு ஆள் சாப்பாட்டுக்குப் பதில் இரண்டு ஆள் சாப்பாடு வைத்திருந்தாள்.

பாடு. எடுக்க வேண்டாம். எந்த வார்த்தை என்பது உன் இஷ்டம், எனக்கு அதில் இனிமேல் ஒன்றும் இல்லை.

அந்த மூன்று வரியை அழித்துவிடலாம் என்று போனேன். அதன் கீழே பதினேழு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் என்னை முட்டாள் என்கிறார். இன்னொருவர், “நானும் வெளியேதான் நின்றேன், தம்பி உள்ளே” என்று மட்டும் எழுதியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு அழிக்க மனசு வரவில்லை, விட்டுவிட்டேன்.

அண்ணன்


ஜூலை 25

அண்ணா,

டிரம்மரிடமிருந்து ஃபோனைத் திரும்ப வாங்கிவிட்டேன். இரண்டு நாளாக அம்மாவோடு அதில் என் பத்து நிமிடத்தையும் செலவழித்துவிட்டேன். நாங்கள் பேசியது எங்களுக்குள் இருக்கட்டும்.

இதோடு நுழைவுச் சீட்டு வைத்திருக்கிறேன். ரயிலில் பத்து மணி நேரம், தெரியும். வருவதும் வராததும் உன் விருப்பம். வந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொள், உன் காதுதான் உனக்குச் சோறு போடுகிறது. முன்னால் நிற்காதே. முன்னால் நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள், அது சண்டை இல்லை, பார்த்தால் அப்படித்தான் இருக்கும். பின்னால் ஒலிப்பெட்டிகளைக் கவனிக்கிறவரின் மேஜைப் பக்கம் நில். அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வாண்டு


ஆகஸ்ட் 6

அன்புள்ள வாண்டு,

ஊர் வந்து சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி முடிந்து நீ ஓடிவந்து கட்டிக்கொண்டபோது, “நல்லா இருந்துச்சு, தண்ணி குடி” என்று மட்டும்தான் சொல்ல வந்தது. டிரம்மரும் நெட்டையும் சுற்றி நிற்கும்போது வேறு எதுவும் வாயில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்ன இடத்தில்தான் நின்றேன். ஒலிக்காரர் நல்ல மனுஷர், ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். கூட்டத்தில் என் வயதில் யாரும் இல்லை. சட்டையை இன் செய்தவனும் நான் ஒருவன்தான். முதல் பாட்டில் ஐந்தாவது நிமிடம் போல ஒரு பக்கத்து ஸ்பீக்கர் லேசாக அதிர்ந்தது, அவரிடம் சொன்னேன், சரிசெய்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நீ பாடுவதை நான் பார்த்ததே இல்லை. கேட்டதுதான். பத்து வருடத்தில் ஒரு நாள்கூட வந்து பார்க்கவில்லை என்பது நீ மேடைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஆறாவது பாட்டு ஆரம்பித்ததும் நான் எழுந்து வெளியே போய்விடலாம் என்று பார்த்தேன். கதவு முன்பக்கம், கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போக வேண்டும். பாதி தூரம் போயிருப்பேன். உன் கத்தலில் எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடாது, உனக்கே தெரியும். அந்த ஒரு வார்த்தை பிடிபட்டது. “அண்ணன் முதுகில்” என்றாய். நின்றுவிட்டேன். நீ என்னைப் பார்க்கவில்லை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாய்.

பிறகு கதவுப் பக்கம் போகாமல் கூட்டத்துக்குள் திரும்பினேன். பத்து அடிதான் நடந்தேன். அதற்குள் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து மோதினார்கள், கால் தடுக்கியது, நாற்பத்து மூன்று வயதில் மல்லாக்க விழுந்தேன். விழுந்தேன் என்று சொல்வதும் சரியில்லை. முதுகு தரையில் படுவதற்குள் ஐந்தாறு கை என்னைப் பிடித்துவிட்டது. அவ்வளவு ஆட்டமும் அந்த இடத்தில் மட்டும் நின்றது. அக்குளில் கை கொடுத்து நிமிர்த்தி நிறுத்தினார்கள். ஒருவன் என் செருப்பைத் தேடி எடுத்து வந்தான். கழுத்து முழுக்கப் பச்சை குத்தியிருந்த ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், என் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தத்தில் காதருகே வந்து கேட்டாள்:

“அடி பட்டுச்சா சார்?”

‘இல்லை’ என்றுதான் வாயில் வந்தது. எப்போதும் அதுதான் வரும்.

“ஆமாம்மா, பட்டுச்சு” என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் அப்படியே நின்றோம்.

அண்ணன்